பேட்டரியில் வைத்த பொட்டு

என் கணவருக்கு வயரிங் படம் படிக்கத் தெரியாது. முதல் நான்கு வருஷம் இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பிறகு நாங்கள் குடியிருந்த காஜா பெராங் வட்டாரம் முழுவதற்கும் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமான விஷயமில்லை. ஆனால் எண்பதைத் தாண்டிய பிறகு எதைப் பூசி மெழுகிக்கொண்டிருப்பது?

மலாக்கா டவுனில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால், ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. வேன், லோரி, டாக்சி எது வந்தாலும் வயர் வேலை மட்டும் பார்ப்பார். விளக்கு எரியவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை, பேட்டரி நிற்கவில்லை என்றால் அவரிடம் வருவார்கள். எஞ்சினைத் திறக்கச் சொன்னால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவார்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்து லோரிகள் நிறுத்தி வைத்திருந்த ஒரு வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கையாலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஒரு வயரைப் பிடித்தால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தடவியே சொல்லிவிடுவார். பழைய லோரிகளில் இருந்ததே பத்துப் பதினைந்து வயர்தான். அதற்குக் கை போதும். பிறகு இங்கிலாந்திலிருந்து புது வண்டிகள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் கட்டுக் கட்டாக வயர், ஒன்று மேல் ஒன்று துணி சுற்றி. கூடவே ஒரு புத்தகம். புத்தகத்தின் கடைசியில் நாலாக மடித்த பெரிய தாள். அதில் அந்த வண்டியின் வயர் அத்தனையும் கோடுகளாக இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் அந்தத் தாளைத் தரையில் விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டவுனில் ஜாலான் பெண்டஹாரா தெருவில் வளர்ந்தவள். அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. ஏழாம் வகுப்பு வரை என்னை இங்கிலீஷ் பள்ளியில் படிக்க வைத்திருந்தார். சோற்றுப் பானையை இறக்கிவிட்டு வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். "அது தலைகீழா இருக்குதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. மாட்டிக்கொண்ட பார்வை அது.

அன்றைக்கே இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் படத்தைப் பிரித்து மேய்ந்தோம். எழுத்து எனக்குத் தெரியும், பொருள் அவருக்குத் தெரியும். எனக்கு டைனமோ என்றால் ஒரு சொல். அவருக்கு அது எஞ்சின் பக்கத்தில் சுற்றி மின்சாரம் செய்கிற உருளை. கட்-அவுட் என்று நான் வாசித்தால், அது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள கதவு என்று அவர் சொல்வார். டைனமோ மின்சாரம் செய்யும்போது சேர்ந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், எஞ்சின் நின்றால் பிரிந்துகொள்ளும். படம் எனக்குச் சிக்குக் கோலம் போலத்தான் இருந்தது. ஒரு வித்தியாசம், கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும், இதில் இரண்டு கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி இருந்தால்தான் அவை சேர்ந்தவை என்று அர்த்தம். புள்ளி இல்லாவிட்டால் சும்மா ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன.

அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரு முறை உண்டாயிற்று. மத்தியானம், ஆட்கள் வராத நேரமாகப் பார்த்து, கொட்டகைப் பக்கம் திறக்கும் அரைக் கதவுக்கு உள்ளே நான் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். படம் மடியில் இருக்கும். அவர் வண்டிக்குள் தலையை நுழைத்திருப்பார். "அம்மீட்டர்ல இருந்து காவி வயரு. கட்-அவுட்டுக்குப் போவுது" என்பேன். அவர் உள்ளே வயர்களைத் தடவித் தேடுவார். பிறகு, "பிடிச்சாச்சு" என்று குரல் வரும். அந்தச் சொல் வந்த பிறகுதான் அடுத்த கோட்டுக்குப் போவேன். யாராவது சைக்கிளில் வந்து இறங்கினால் நான் படத்தை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். வந்தவர், "இந்தப் புது வண்டியெல்லாம் எப்பிடியா பாக்குறே, புஸ்தகம் படிப்பியோ" என்று கேட்பார். அவர் சிரித்து மழுப்புவார்.

அந்த மழுப்பலை நான்தான் அவருக்குப் பழக்கினேன். பெண்டாட்டி படித்துச் சொல்லி வேலை செய்கிறான் என்று யாரும் அவரைக் கேலி பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை. இந்தக் கொட்டகைக்கு மூளை நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் செய்யும் சில காரியங்கள் எனக்கு வேடிக்கையாக இருக்கும். எந்தப் பேட்டரி வந்தாலும், அதில் பிளஸ் குறி பளிச்சென்று இருந்தாலும், என்னிடம் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு கை உப்பும் கேட்பார். உப்புத் தண்ணீரில் இரண்டு வயர்களை விட்டு, அவற்றின் மறுமுனைகளைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொடுவார். மைனஸ் பக்கத்து வயரைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி கிளம்பும். பார்த்த பிறகு, பிளஸ் முனைக்கு அவரே சிவப்புச் சாயம் தீட்டுவார். "வீட்டுல உப்பு கொழம்புக்கா, பேட்டரிக்கா" என்று கேலி செய்வேன். அவர் பாட்டுக்குக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் டவுனில் ஊர்வலத்துக்காக வண்டிகளை ஜோடித்தார்கள். பத்து நாள் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. கலர் பல்பு சரம் சரமாகக் கட்டினார். அப்படிக் கட்டிய வண்டிகளில் ஒன்று, கம்போங் செட்டியில், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய் பேச ஆரம்பித்துவிட்ட செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருடைய வேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. தினமும் பசாரில் காய்கறி ஏற்றிக்கொண்டு புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் குங்குமம். சாமி பெயரும் உறவுமுறையும் தவிர அவருக்குத் தமிழ் வராது. அவர்கள் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். அவரும் தன் தாய்மாமனை மாமா என்றுதான் சொல்வார். அந்தச் சொல் இரண்டு பேச்சிலும் ஒன்றுதான்.

ஊர்வலத்தன்று பல்பு எரித்து எரித்து மாமாவின் பேட்டரி களைத்துப் போய்விட்டது. அதன் பிறகு அடிக்கடி எங்கள் கொட்டகைக்குச் சார்ஜ் ஏற வரும். ஆயுத பூஜைக்கு முந்தின நாளும் வந்தது. என் கணவர் இரண்டு முனைகளையும் கத்தியால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, சார்ஜில் போட்டார். பழைய சிவப்புச் சாயம் சுரண்டலோடு போய்விட்டது. பூஜை முடிந்து திரும்பத் தீட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். பிளஸ் முனை மற்றதைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேட்டரியை யாரோ உள்ளூரில் உருக்கி ஊற்றிப் புதுப்பித்திருந்தார்கள். இரண்டு முனையும் ஒரே அளவு, பிளஸ் குறியும் இல்லை.

ஆயுத பூஜையன்று கொட்டகையைக் கழுவி, சாமான்களை வரிசையாக வைத்தோம். சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. ஒரு பொருளுக்கு ஒரு பொட்டு. திருப்புளிக்கு ஒன்று, குறடுக்கு ஒன்று, புத்தகங்களுக்கு ஒவ்வொன்று. பேட்டரி ஐந்தோ ஆறோ இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கைக்கு எட்டின முனையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனேன். எந்த முனை என்று பார்த்து வைக்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, நான் பொட்டுதானே வைத்தேன்.

மறுநாள் காலை, புக்கிட் ரம்பாயில் ஒரு லோரி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது என்று ஆள் வந்தது. மறுபூஜை முடித்து அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். போகும்போது, "மாமா வந்தா, சாயங்காலம் நானே மாட்டித் தரேன்னு சொல்லிடு" என்றார். தலையாட்டினேன்.

மாமா பத்து மணிக்கு வந்தார். வேனை ஒரு கைவண்டிக்காரரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். பின்னால் கீரையும் வெண்டையும் ஏற்றியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் போகாவிட்டால் வதங்கிப் போகும். சாயங்காலம் வரும்படி அவர் சொன்னார் என்றேன். மாமா காய்கறியைக் காட்டினார். பேட்டரியைக் கழற்றுவதும் மாட்டுவதும் தனக்குப் பழக்கம்தான் என்றார். தூக்கி வேனில் வைத்தும்விட்டார். பிறகு இரண்டு முனைகளையும் குனிந்து பார்த்துவிட்டு, அரைக் கதவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் கேட்டார். "யாங் மானா பிளஸ்?" பிளஸ் எது என்று.

நான்கு வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய் அந்த வேனின் புத்தகத்தை எடுத்து வந்து, கதவைத் திறந்து, கொட்டகையைத் தாண்டி வெளியே வந்து, வேனின் மட்கார்டில் படத்தை விரித்தேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையைத்தான் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ப்பார்கள். அதை விரல் வைத்துக் காட்டி, மலாயில் விளக்கினேன். பின்னல் போட்ட தடித்த பட்டை பிளஸுக்கு, மற்றது மைனஸுக்கு. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பிறகு பேட்டரியைப் பார்த்தேன். ஒரு முனையில் சிவப்பு இருந்தது. எங்கள் கொட்டகையில் சிவப்பு என்றால் பிளஸ். இதோ, இதுதான் என்றேன்.

மாமா அந்த முனையைக் கட்டை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினார்.

எல்லாம் வேலை செய்தது. அதுதான் இதில் உள்ள சூது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் அந்த வண்டிகளில் விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் ஓடும். மாமா முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டர் முள், ஏறும் பக்கமாக நகர்ந்தது. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். எஞ்சினே ஓடாதபோது சார்ஜ் எப்படி ஏறும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மீட்டர் என்ற சொல்லை நூறு தடவை வாசித்தவள், அந்த முள் நகர்வதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

புக்கிட் ரம்பாய் போகும் வழியில் வேன் தீப்பிடித்தது. பேட்டரி ஒரு பக்கம், டைனமோ எதிர்ப்பக்கம் என்று ஆகி, கட்-அவுட் ஒட்டிக்கொண்டு, துணி சுற்றிய வயர்க் கட்டு முழுவதும் பற்றிக்கொண்டது. மாமா வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, எரிகிற வயரை வெறும் கையால் பிடித்து இழுத்திருக்கிறார். லோரி வேலை முடிந்து அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த என் கணவரும் மற்றவர்களோடு சேர்ந்து மண்ணை வாரிப் போட்டு அணைத்திருக்கிறார். யாரோ பேட்டரியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்துவிட்டார்கள். அது உடைந்து போயிற்று. மாமாவின் வலது உள்ளங்கை, விரல்களோடு, வெந்திருந்தது.

சாயங்காலம் கயிறு கட்டி வேனை இழுத்து வந்து எங்கள் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். என் கணவர் சட்டையெல்லாம் கரி. "என்னா ஆச்சுன்னு தெரியல" என்றார். "நான் போட்ட வயருதான்." அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் அப்போது நடந்ததை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பேட்டரியை நான் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். அவரே மாட்டிக்கொண்டார் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் மட்கார்டில் படத்தை விரித்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கருகின வயர்க் கட்டை ஒரு சாக்கின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, "படி" என்றார். நான் முக்காலியில் உட்கார்ந்து முதல் கோட்டிலிருந்து வாசித்தேன். கலர் எல்லாம் போய், எல்லா வயரும் ஒரே கறுப்பு. அவர் ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கண்டுபிடித்து, "பிடிச்சாச்சு" என்றார். தான் எங்கே தவறு செய்தோம் என்று தேடினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தவறு கிடைக்கவில்லை. "நாளைக்கு இன்னொருவாட்டி படி" என்றார்.

இரண்டாவது நாள்தான் எனக்குப் புரிந்தது. பேட்டரிக்கு வந்தேன். பிளஸிலிருந்து உடம்புக்கு என்ற கோட்டின் மேல் விரலை வைத்தேன். வேன் எரிந்த அன்று காலை மட்கார்டில் இதே கோட்டின் மேல்தான் விரலை வைத்திருந்தேன். உடனே அந்தச் சிவப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் முனைகளைச் சுரண்டியது எனக்குத் தெரியும். திரும்பச் சாயம் தீட்டவில்லை என்பதும் தெரியும். அப்படியென்றால் அந்தச் சிவப்பு எது? ஆயுத பூஜையன்று என் விரல் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனது நினைவுக்கு வந்தது. அந்தப் பேட்டரியில் பொட்டு மைனஸ் முனையில் விழுந்திருக்கிறது. "ம், மேல படி" என்றார் அவர். படித்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் ஒரே காரணம்தான். அந்தப் படத்தில் நான் தப்பே செய்யாதவள். அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இதற்குள் பேச்சு பரவிவிட்டது. எங்களிடம் வழக்கமாக வந்த லோரிக்காரர் ஒருவர் இரண்டு லோரிகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் கணவர் முகத்துக்கு நேராகவே, "ஒன் கையில குடுத்தா வண்டி வெந்துதான் வரும்னு சொல்றானுங்கப்பா, நான் என்னா செய்யட்டும்" என்றார். மாமாவைப் பார்க்க என் கணவர் தினமும் காலையில் கம்போங் செட்டிக்குப் போய் வந்தார். மாமா, நான்தான் மாட்டினேன், என் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதை நம்பவில்லை. "நம்ம மேல பாவப்பட்டுச் சொல்றாரு. கை வெந்தவரு நமக்குத் துணி போத்துறாரு" என்றார். வீட்டில் சின்ன விளக்கு ஒன்றின் வயரை மாட்டினால்கூட அவருக்குத் திருப்தி வராது. மாட்டிவிட்டுப் பிரிப்பார். திரும்ப மாட்டுவார். தடவியே வயரைக் கண்டுபிடிக்கிற கை அது. அதைத்தான் அவர் நம்பாமல் போய்க்கொண்டிருந்தார்.

ஐந்தாவது நாள் காலை, திருப்புளி, குறடு எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டினார். "தோட்டத்துக்கே போயிடலாம்னு பாக்குறேன், புள்ள. பால் மரத்தை வெட்டினா யாரு கையும் வேவாது" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இல்லை. அவர் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்து அமைதியாகிவிட்டிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானம் நான் முக்காலியைப் போட்டுக்கொண்டு, "கடைசியா ஒருவாட்டி படிக்கிறேன், பிடிங்க" என்றேன். வேண்டாம் என்றார். சாக்கின் மேல் வயர்க் கட்டை நானே பரப்பினேன். வந்து உட்கார்ந்தார்.

டைனமோவிலிருந்து தொடங்கினேன். "பிடிச்சாச்சு." கட்-அவுட். "பிடிச்சாச்சு." அம்மீட்டர், பியூஸ், விளக்கு, ஹார்ன். ஒவ்வொன்றும் பிடித்தார். கடைசியில் பேட்டரிக்கு வந்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், வேறு எங்கே பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"பேட்டரி. ரெண்டு முனை. பிளஸு ஒடம்புக்குப் போவுது. எது பிளஸுன்னு படத்துல இருக்கு. பேட்டரில இல்ல, நீங்க சுரண்டிட்டீங்க. ஒரு முனையில சிவப்பு இருந்துச்சு. அது பூசைக்கு நான் வச்ச குங்குமம். நான் அதைப் பாத்து இதுதான் பிளஸுன்னு மாமாகிட்ட சொன்னேன். வெளிய போய், மட்காட்டுல படத்தை விரிச்சு வச்சு, நாந்தான் சொன்னேன். மாமா மாட்டினாரு."

வெளியே ஒரு சைக்கிள் போயிற்று. நான் தலையைத் தூக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மெதுவாக, "பிடிச்சாச்சு" என்றார்.

நான் அழுதேன். அவரும் அழுதார், முகத்தை மூடிக்கொள்ளாமல். தன் கை பிழைத்துக்கொண்டதற்கா, மாமாவின் கை போனதற்கா, என் மௌனத்துக்கா என்று நான் கேட்டதில்லை. பிறகு தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து, "சேலைய மாத்து. மாமா வீட்டுக்குப் போவணும்" என்றார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட வலது கையைக் கழுத்திலிருந்து துணியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் இருவருக்கும் முன்னால் நான் எல்லாவற்றையும் மலாயில் திரும்பவும் சொன்னேன். என் கணவரிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. மாமா கேட்டு முடித்தார். பிறகு, தனக்கு அது தெரியும் என்றார். முனையைத் தடவியபோதே கட்டை விரலில் ஒட்டியது, தினமும் நெற்றியில் வைக்கிற குங்குமம் தெரியாதா என்றார். அப்படியானால் ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் தன் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எனக்குச் சந்தேகம் வந்தது, அடிக். ஆனால் காகிதம் உன் கையில் இருந்தது."

அடிக் என்றால் தங்கை. அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், பல திட்டு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

மறுநாள் லோரிக்காரரைத் தேடிப் போய் என் கணவர் சொன்னது எனக்குப் பிறகு தெரிய வந்தது. "வயருல தப்பில்ல. பேட்டரிய மாத்திப் போட்டுட்டோம். எங்க தப்புதான்" என்றிருக்கிறார். என் பெண்டாட்டி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புத்தகம் யார் படிக்கிறது என்று லோரிக்காரர் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை மழுப்பவில்லை. இரண்டு நாளில் காஜா பெராங் முழுக்கப் பேச்சு. சிலர் சிரித்தார்கள். லோரிக்காரர் வர மூன்று மாதம் ஆயிற்று. சிலர் வரவே இல்லை.

மாமாவின் கைக் கட்டைப் பிரித்தபோது, விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது. ஆனால் வலது கைப் பக்கம் இருந்த விளக்குச் சுவிட்சு, திரும்பும் பக்கத்தைக் காட்டும் கை காட்டிச் சுவிட்சு, ஸ்டார்ட்டர் பிடி எதையும் அந்தக் கையால் இழுக்க முடியவில்லை. வேன் ஓட்டாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. என் கணவர் வேன் முழுவதற்கும் புது வயர் போட்டார். சுவிட்சுகள் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு மாற்றினார். அதற்குப் புத்தகத்தில் படம் கிடையாது. நான் ஒரு பெரிய தாளில் புதிதாக வரைந்தேன். இந்தத் தடவை மடியில் வைத்து வரையவில்லை. முக்காலியைக் கதவுக்கு உள்ளிருந்து தூக்கி, வேனுக்குப் பக்கத்தில் அவரே கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு வயரையும் அவர் பிடித்த பிறகு நானும் பிடித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் கோடு போட்டேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வேலை முடிய ஆறு வாரம் ஆயிற்று.

முடிந்த அன்று மாமா வந்தார். புது பேட்டரியும் வந்திருந்தது. என் கணவர் அதைத் தூக்கி வேனில் வைத்துவிட்டு, வயரை மாட்டாமல் தள்ளி நின்றார். நான் படத்தை மடித்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேட்டரியின் முனைகளைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்கவில்லை. திரும்பி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யாங் மானா பிளஸ்?"

ஒரு முனைக்குப் பக்கத்தில் பிளஸ் குறி தெளிவாக அச்சாகியிருந்தது. நான் உள்ளே போய் ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஒரு கை உப்பு போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தேன். இரண்டு வயர்களையும் தண்ணீரில் விட்டு, மறுமுனைகளைப் பேட்டரியில் தொட்டேன். மூன்று பேரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வயரைச் சுற்றிக் குமிழி கிளம்பியது. அது கிளம்பி, நிறைந்து, வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று ஆகும்வரை காத்திருந்தேன். பிறகு மற்ற முனையில் விரலை வைத்து, இதுதான் மாமா என்றேன்.

அவர் மடங்காத கையால் பட்டையை எடுத்து, அந்த முனையில் மாட்டினார்.